மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினோரு நாள்

கட்டுமான வழக்கு என்று சொன்னாலே எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். விரிசல் விட்ட தூண், ஒழுகும் மொட்டைமாடி, சொன்ன தேதிக்கு முடியாத பாலம், இதையெல்லாம் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வது. கொலை வழக்கு நடத்துகிறவர்களுக்கு இருக்கிற கெத்து இதில் கிடையாது. இருந்தாலும் அந்த வட்டாரத்தில் இதையே பிழைப்பாக வைத்து ஏழு வக்கீல் அலுவலகங்கள் இருந்தன. ஏழுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. நீதிமன்ற வாசலில் பார்த்தால் மட்டும் வாய் நிறையச் சிரித்துக்கொள்வார்கள்.

இவர்களைப் பற்றி ஒரு சட்டப் பத்திரிகையில் வருடத்துக்கு ஒரு பட்டியல் வரும். முன்னணிக் கட்டுமான வழக்கறிஞர்கள் யார் யார் என்று முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை எனப் பிரித்துப் போடுவார்கள். பட்டியல் போடுகிறவர்களில் ஒருவர்கூட ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் அது வெளியாகும் வாரத்தில் ஏழு அலுவலகங்களிலும் யாருக்கும் வேலை ஓடாது. ஒவ்வொரு அலுவலகமும் தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லக்கூடிய கட்சிக்காரர்களின் போன் நம்பரை முதலில் தர வேண்டும். பிறகு, அந்த வருடம் ஜெயித்த வழக்குகளைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். வாடகைக்கு வீடு விடுகிறவர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலப் பட்டியல்காரர்கள் ஆளாளுக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள்.

ஏழில் ஒன்று, அவளுடைய அலுவலகம், ஆறு வருடமாக இரண்டாம் வரிசையிலேயே நின்றது. இந்த வருடம் முதல் வரிசை நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். காரணம் அவள் ஜெயித்துக் கொடுத்த ஒரு வழக்கு. கட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையின் தளம் இடிந்து விழுந்து ஒரு மேஸ்திரி செத்துப்போன வழக்கு. கட்டுமான நிறுவனத்தின் மேல் ஒரு குறையும் இல்லை என்று தீர்ப்பு வாங்கியிருந்தாள். அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த இன்ஜினியர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி.

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டு மேடம் என்று பெயர். அவள் காதில் விழாமல்தான் சொல்வார்கள், அவளுக்கும் தெரியாதது போல் இருப்பாள். பெயர் வந்த கதை வேறொன்றுமில்லை. எங்கே விபத்து நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் அவளுடைய தாள் ஒன்று அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே பக்கம். விபத்தைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகாதீர்கள், போன் செய்யாதீர்கள். வருந்துகிறோம், மன்னியுங்கள் என்று எங்கும் எழுதாதீர்கள், சொல்லாதீர்கள். யார் கேட்டாலும் எங்கள் அலுவலகத்தைக் கைகாட்டுங்கள். இவ்வளவுதான்.

இதை அவள் மனசு கல்லாகிப் போய் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சூப்பர்வைசர், சாரம் சரிந்து ஒருவர் செத்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று என்னாலதான், எல்லாம் என்னாலதான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் எள்ளளவும் தப்பில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற நர்ஸ் நீதிமன்றத்துக்கு வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னார். அந்த மனிதர் ஜெயிலுக்குப் போனார். அழுகிறவன் அகப்பட்டுக்கொள்கிறான், அழுத்தமாக இருக்கிறவன் தப்பித்துக்கொள்கிறான் என்று அவள் அன்றைக்குக் கண்டுகொண்டாள். அந்த ஆத்திரத்தில் எழுதிய தாள் அது.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு விடுமுறை நாளில் தம்பியிடமிருந்து போன் வந்தது. அவன் குரல் அவன் குரலாகவே இல்லை.

"அக்கா, தளம் இறங்கிடுச்சு. மேஸ்திரி உள்ள இருந்தாரு. போயிட்டாரு அக்கா."

"நீ எங்க இருக்கே? உனக்கு ஒண்ணுமில்லையே?"

"நான் வீட்ல இருந்தேன். நான்தான் அவரைப் போகச் சொன்னேன். நேத்து சாயங்காலம் நல்ல மழை. நாளைக்குக் கான்கிரீட் போடணும். முட்டு கொடுத்ததெல்லாம் சரியா நிக்குதான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்கன்னு போன் பண்ணேன். லீவு நாள் அக்கா. நான் கூப்பிடலைன்னா அவரு வீட்ல இருந்திருப்பாரு."

தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்பிகளில் ஒன்று மடங்கி, அடுத்தது சரிந்து, மேலிருந்த அவ்வளவு இரும்பும் பலகையும் ஒரேயடியாக இறங்கியிருந்தது. மேஸ்திரியும் தம்பியும் இருபது வருடமாக ஒன்றாக வேலை பார்த்தவர்கள். தம்பி படிப்பை முடித்துவிட்டுக் கையில் வரைபடத்தோடு முழித்துக்கொண்டு நின்ற முதல் நாளிலிருந்து மேஸ்திரிதான் அவனுக்குத் துணை. மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே பெஞ்சில்தான். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டுக் கை காய்ந்துபோன பிறகுதான் எழுந்திருப்பார்கள் என்று சைட்டில் கிண்டல் உண்டு.

"சரி. இப்ப நான் சொல்றதைக் கேளு," என்றாள் அவள். "இந்தப் போன் விஷயத்தை என்கிட்ட சொன்னதோட விட்டுடு."

"நான் அவர் வீட்டுக்குப் போகணும்."

"போகக்கூடாது."

"அவர் பெண்டாட்டி தனியா இருப்பாங்க அக்கா. நான்தான் கூப்பிட்டேன்னு அவங்ககிட்ட நானே சொல்லணும். வேற யாரோ சொல்லித் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"லீவு நாள்ல, பாதுகாப்பு ஆபீசர் இல்லாத நேரத்துல, ஒரு ஆளைத் தனியா உள்ள போகச் சொன்னேன்னு நீ உன் வாயால சொல்லப் போறே. அப்புறம் உன்னை யாராலயும் காப்பாத்த முடியாதுடா. உனக்கும் குழந்தை குட்டி இருக்கு."

 "சாவுக்குக்கூடவா போகக்கூடாது?" என்று கேட்டான்.

"கூடாது," என்றாள். அடுத்த அரை மணியில் தாளை அனுப்பி வைத்தாள். அவனிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. பல் விளக்கிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதுவரை எல்லாம் அவள்தான். அவன் அவள் பேச்சைத் தட்டியதே கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததுகூட அவள்தான், அவன் தலையை ஆட்டியதோடு சரி. இந்த விஷயத்திலும் தலையை ஆட்டினான். தட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிற்பாடு அவள் எத்தனை தடவை நினைத்தாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது.

வழக்கு நாலு வருடம் இழுத்தது. மேஸ்திரியின் மனைவி ஒரு பக்கம், கட்டுமான நிறுவனம் ஒரு பக்கம், முட்டுக் கம்பி வாடகைக்குக் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். விசாரணை நாட்களில் தம்பியும் அந்த அம்மாவும் ஒரே வராந்தாவில் ஆறடி இடைவெளியில் உட்கார்ந்திருப்பார்கள். பேசமாட்டார்கள். தம்பி தரையைப் பார்ப்பான். அந்த அம்மா ஏதோ சொல்ல வருவதுபோல் இரண்டொரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், உடனே அவருடைய வக்கீல் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வார். அவரும் அந்த ஏழு அலுவலகங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்தான். கெட்டிக்காரர்.

மேஸ்திரி அன்றைக்கு ஏன் அங்கே போனார் என்ற கேள்வியை அவள் பயந்துகொண்டே எதிர்பார்த்தாள். ஒரு நாளும் வரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, தொடவே இல்லை. அதிர்ஷ்டம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசியில் நிபுணர் ஒருவர் வந்து, கம்பியின் உள்பக்கம் துருப்பிடித்து வெறும் தோல்தான் மிச்சம் என்று கையில் பிடித்துக் காட்டினார். வாடகைக்குக் கொடுத்தவர்கள்தான் பொறுப்பு, மேஸ்திரி குடும்பத்துக்கு அவர்கள்தான் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது.

இந்த நாலு வருடத்தில் தம்பி ஆளே மாறிப்போனான். மத்தியானம் காரிலேயே சாப்பிட்டான். மேஸ்திரி வீட்டுத் தெரு வழியாகப் போனால் சைட்டுக்குப் பத்து நிமிடம், அவன் ஊரைச் சுற்றிக்கொண்டு முப்பது நிமிடத்தில் போனான். அவன் மனைவி ஒரு நாள் அவளிடம், "தூங்க மாட்டேங்கறாரு அண்ணி, கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு," என்று சொல்லிவிட்டு அழுதாள். பதிலுக்கு அக்கா ஒரு நல்ல டாக்டர் பெயரைச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள்தான், கேஸ் முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னாள்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றப் படிக்கட்டிலேயே அவன் கேட்டான்.

"இப்பப் போகலாமா?"

"தொண்ணூறு நாள் பொறுடா. மேல்முறையீட்டுக் காலம்."

"தப்பு நம்மதில்லன்னுதான் சொல்லிட்டாங்களே."

"கம்பிக்காரங்க சும்மா இருப்பாங்களா? மேல போவாங்க. நீ அங்க போய் ஒரு வார்த்தை சொன்னாலும் அதைப் பிடிச்சுக்குவாங்க. நாலு வருஷம் இருந்துட்டே. தொண்ணூறு நாள் என்ன, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்."

அவள் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் கம்பிக்காரர்கள் நொடித்துப் போய்க் கடையைச் சாத்திவிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மேல்முறையீடு வருவதற்கு நூற்றில் இரண்டு பங்கு வாய்ப்புகூட இல்லை. பட்டியலுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில், வழக்கு இறுதியாக முடிந்துவிட்டதா என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஆம் என்று போட்டால் முதல் வரிசை. தொண்ணூறாவது நாளுக்கு மறுநாள்தான் அனுப்பக் கடைசித் தேதி. அந்தக் கட்டத்துக்காகத் தம்பியைக் காக்க வைத்தாள் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவள் எரித்துவிடுவதுபோல் பார்த்திருப்பாள். இன்றைக்குப் பார்க்க மாட்டாள்.

விசாரிக்கச் சொல்லி அவள் கொடுத்த நம்பர்களில் தம்பியுடையதும் ஒன்று. உறவா என்று படிவத்தில் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு மாதம் போல ஆனபோது அவனே கூப்பிட்டான்.

"பட்டியல்காரங்க பேசினாங்க. எங்க வக்கீலைப் பத்திக் கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எப்ப வாயைத் திறக்கக்கூடாதுன்னு அவங்களை மாதிரி யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல வாக்கியம், அப்படியே அச்சில் போடுவார்கள் என்றாள். அவன் சிரிக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் என்று கேட்டான். முப்பது என்றாள். சரி என்று போனை வைத்துவிட்டான்.

எழுபத்தெட்டாவது நாள் காலையில் சைட் அலுவலகத்தில் மேஜைமேல் கவிழ்ந்தபடி கிடந்தான். தூங்குகிறார் என்றுதான் நினைத்தார்களாம். நாற்பத்தாறு வயது. மாரடைப்பு என்றார் டாக்டர். சாதாரணமாகச் சொன்னார், தினமும் சொல்கிறவர் அல்லவா.

மறுநாள் தம்பி வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகையே வரவில்லை. அலுவலகத்திலிருந்து கூட்டமாக வந்தார்கள், மற்ற ஆறு அலுவலகங்களிலிருந்தும் வந்தார்கள். எல்லோரும் நல்ல மனுஷன் என்றார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள்.

பதினொரு மணி வாக்கில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மேஸ்திரியின் மனைவி. வராந்தாவில் நாலு வருடம் பார்த்த முகம். கூட்டத்தில் சலசலப்பு. அலுவலகத்து ஜூனியர் ஒருவர் எழுந்து அவரைத் தடுக்கப் போவதுபோல் இரண்டடி வைத்தார். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

அந்த அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சாருக்கு இப்படி ஆகும்னு நினைக்கல மேடம்," என்றார். "சார்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நாலு வருஷமா வச்சிருந்தேன்."

"சொல்லுங்க."

"சார் போன் பண்ணித்தான் அவரு போனாருன்னு சார் மனசுல இருந்திருக்கும். கோர்ட்ல பாக்கறப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்குவாரு. எனக்குப் பாவமா இருக்கும். ஆனா அது அப்படி இல்ல மேடம். அன்னைக்கு எழுந்ததுலேர்ந்தே அவருக்கு இருப்புக் கொள்ளல. மழை பெஞ்சிருக்கு, முட்டு என்னாச்சோ, பாத்துட்டு வந்துடறேன்னு சட்டையை மாட்டிட்டாரு. லீவு நாள்ல என்ன வேலைன்னு நான் சண்டை போட்டேன். செருப்பைப் போட்டுட்டு வாசல்ல நின்னாரு, அப்பதான் போன் வந்துச்சு. பேசிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. பாத்தியா, சாரும் அதையேதான் சொல்றாரு, என் கணக்குத் தப்பாதுன்னாரு. சார் கூப்பிடலைன்னாலும் அவரு போயிருப்பாரு."

கேட்டதும் அவள் மனசு என்ன செய்தது தெரியுமா? விடுமுறை நாளில் தானாகக் கிளம்பியவர், வேலை நிமித்தம் அல்ல, மனைவியே சாட்சி, மேல்முறையீடு வந்தால் இது ஒன்றே போதும் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டது. முப்பது வருடப் பழக்கம். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைக்கிற தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கேள்வியை ஏன் தொடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவள் பயந்த அதே கேள்விக்கு, நஷ்டஈடு போய்விடுமே என்று அவரும் பயந்திருக்கிறார்.

"இதை அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லக் கிளம்பினேன் மேடம். எங்க வக்கீல் விடல. நீயே உன் கேஸைக் கெடுத்துக்காதேன்னாரு. ஒரு தாள் குடுத்தாரு. யார்கிட்டயும் பேசாதீங்க, அந்தத் தரப்பு ஆளுங்க வீட்டுக்குப் போகாதீங்க, போன் பண்ணாதீங்கன்னு எழுதியிருந்துச்சு. யார் கேட்டாலும் எங்க ஆபீசைக் கைகாட்டுங்கன்னும் போட்டிருந்துச்சு."

அவளுடைய வாக்கியங்கள். தரப்பு மட்டும்தான் மாறியிருந்தது.

"தீர்ப்பு வந்ததும் போறேன்னேன். தொண்ணூறு நாள் போகட்டும்னுட்டாரு. இன்னும் பதினோரு நாள் இருக்கு. நான் காலண்டர்ல கிழிச்சுக்கிட்டே இருந்தேன்."

"இன்னைக்கு மட்டும் எப்படி வந்தீங்க? அவரைக் கேட்டீங்களா?"

அந்த அம்மா அவளை ஏதோ புரியாததைக் கேட்டுவிட்டவரைப் போலப் பார்த்தார்.

"சாவுக்கு வர்றதுக்கு யாரைக் கேக்கணும் மேடம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் ஏழு அலுவலகத்து வக்கீல்களும் உட்கார்ந்திருந்தார்கள், அந்த அம்மாவின் வக்கீல் உட்பட.

"அவன் வரேன்னுதான் சொன்னான்," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "அன்னைக்கே வரேன்னான். நான்தான் கூப்பிட்டேன், நானே போய்ச் சொல்றேன்னான். சாவுக்குக்கூடப் போகக்கூடாதான்னு கேட்டான். நான் விடல. தீர்ப்புக்கு அப்புறமும் கேட்டான், அப்பவும் விடல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடுங்க."

யாரோ ஒரு வக்கீல் இருமினார். ஜூனியர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்," என்றாள் அவள். "அவன்கிட்ட சொல்லுங்க."

அந்த அம்மா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தம்பியின் காதுப் பக்கம் குனிந்தார். சார் என்று கூப்பிட்டார். நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே அவரு கிளம்பிட்டாரு சார் என்று ஆரம்பித்து, சட்டை மாட்டியது, சண்டை போட்டது, செருப்பு, வாசல், சிரிப்பு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், உயிரோடு இருக்கிறவருக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். அவள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.